பழம் சாப்பிட்டு 13 நாள் ஆகிவிட்டது டாக்டர், இனி ஊசி போட்டுப் பயன் உண்டா?

முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை பார்க்கும் 36 வயதுப் பெண்மணி எழுதிய கடிதம் இது. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவர் அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

ஒரு சனிக்கிழமை இரண்டு பெட்டி ஸ்ட்ராபெரி வாங்கியிருக்கிறார். அன்று இரவே கணவரும் (45) மகளும் (7) முதல் பெட்டியைக் காலி செய்துவிட்டார்கள். மறுநாள் கணவர் வேலை நிமித்தம் வெளியூர் போய்விட்டார். புதன்கிழமை மகளின் பிறந்தநாள். இரண்டாவது பெட்டியைப் பிரித்து இவரும் மகளும் சாப்பிட்டார்கள், மாமியார் (69) இரண்டு பழம் எடுத்துக்கொண்டார். எட்டு மாதக் கைக்குழந்தைக்கு ஒரு பழத்தை மசித்து ஊட்டினார். மிச்சம் ஃப்ரீசருக்குப் போனது. அடுத்த வார வெள்ளிக்கிழமை அந்தப் பழத்தில் மில்க் ஷேக் அடித்து இவரும் மகளும் குடித்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை சுகாதாரத் துறையின் அறிவிப்பு வந்தது: அதே பிராண்டு, அதே தொகுப்பு எண். சாப்பிட்டவர்களுக்கு, கல்லீரலைத் தாக்கி மஞ்சள் காமாலை வரவைக்கும் ஹெபடைட்டிஸ் ஏ வைரஸ் தொற்றியிருக்கலாம், பழத்தைத் திரும்பப் பெறுகிறார்கள்.

அன்று மதியமே ஆய்வகத்துக்கு ஓடி ஐந்தில் நான்கு பேருக்கு ரத்தம் கொடுத்திருக்கிறார். "எல்லாம் நார்மல்" என்று முடிவு வந்தது. "உப்பும் வினிகரும் போட்டுக் கழுவித்தான் கொடுத்தேன். யாருக்கும் வாந்தியோ வயிற்றுப்போக்கோ இல்லை. குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை ஊசி சின்னதிலேயே போட்டாயிற்று. அப்படியானால் நாங்கள் தப்பித்துவிட்டோம்தானே? மாமியாருக்கு ஏற்கெனவே கல்லீரல் சுருக்கம் இருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது. வேலை இடத்தில் சொன்னால் நிறுத்திவிடுவார்களோ என்று அதுவும் பயம். கம்பெனி மேல் வழக்குப் போட முடியுமா? என் கையாலேயே மசித்து ஊட்டினேன் டாக்டர்" என்று முடிகிறது கடிதம்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதம் செவ்வாய் இரவு 10 மணிக்கு வந்தது. இதழில் வெளியாகும்வரை காத்திருக்கக் கூடிய கடிதம் அல்ல என்பதால் அப்போதே நான்கு வரியில் பதில் அனுப்பினேன்: நாளைக் காலை மருத்துவமனைக்குப் போங்கள், குழந்தையையும் மாமியாரையும் முதலில் கூட்டிப் போங்கள், தடுப்பூசி அட்டையைக் கொண்டுபோங்கள், வீட்டில் கிடக்கும் பழத்தை யாரும் தொட வேண்டாம். அந்த நான்கு வரிக்கான காரணங்களை இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே அறிவிப்பைப் பார்த்துவிட்டு இதே கணக்கில் குழம்பி நிற்பவர்கள் உங்கள் வீட்டோடு முடிந்துவிட மாட்டார்கள்.

காலண்டரை எடுங்கள்

ஹெபடைட்டிஸ் ஏ வைரஸ் வயிற்றுக்குள் போன பிறகும் அதைத் தடுக்க வழி உண்டு. ஊசி என்றால் நோய் வருமுன் போடுவது, பட்ட பிறகு போட்டு என்ன பயன் என்று பலரும் நினைக்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். இந்த வைரஸ் மெதுவாக வேலை செய்யும். உள்ளே போன நாளிலிருந்து அறிகுறி தெரிய 15 முதல் 50 நாள் வரை ஆகும், சராசரியாக 28 நாள். தடுப்பூசி போட்டால் உடம்பு அதைவிட வேகமாக எதிர்ப்பாற்றலைத் திரட்டிவிடும். அந்த ஓட்டத்தில் உடம்பு முந்த வேண்டுமானால், வைரஸ் பட்ட 14 நாளுக்குள் ஊசி போட்டாக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

இது வெறும் ஊகமும் இல்லை. கஜகஸ்தானின் அல்மாட்டி நகரில் நோயாளிகளோடு ஒரே வீட்டிலோ குழந்தைகள் காப்பகத்திலோ இருந்தவர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முடிவுகள் 2007இல் வந்தன. 14 நாளுக்குள் தடுப்பூசி போட்டவர்களில் 4.4 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. அதுவரை வழக்கத்தில் இருந்த, பிறரிடமிருந்து எடுத்த எதிர்ப்பாற்றலை நேராக ஏற்றும் இம்யூனோகுளோபுலின் ஊசி போட்டவர்களில் அது 3.3 சதவீதம். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதற்குப் பிறகுதான், ஆரோக்கியமாக இருப்பவர்களுக்குத் தடுப்பூசியே போதும் என்று வழிகாட்டுதல்கள் மாறின.

அதனால் உங்கள் வீட்டில் பார்க்க வேண்டிய முதல் ஆவணம் காலண்டர்தான், ரத்தப் பரிசோதனைத் தாள் பிறகு. யார், எந்தத் தேதியில், கடைசியாக அந்தப் பழத்தைச் சாப்பிட்டார் என்று பெயர் போட்டு எழுதுங்கள். ஐந்து பேருக்கும் ஒரே நாள் இல்லை என்பதை நீங்கள் கவனிக்கவில்லை. பதற்றத்தில் எல்லோரையும் ஒரே கணக்கில் சேர்த்துவிட்டீர்கள்.

ரத்தப் பரிசோதனை சொன்னதும் சொல்லாததும்

நீங்கள் எடுத்தது கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனையும் ஐஜிஎம் எதிர்பொருள் பரிசோதனையும். எதிர்பொருள் என்பது கிருமியை எதிர்க்க உடம்பு உருவாக்கும் புரதம். ஐஜிஎம் என்பது புதிதாகத் தொற்றியதைக் காட்டும் எதிர்பொருள். அறிகுறி தோன்றுவதற்கு 5 முதல் 10 நாள் முன்புதான் அது ரத்தத்தில் தலைகாட்டும். சாப்பிட்டு 4ஆம் நாளோ 13ஆம் நாளோ எடுத்தால் பெரும்பாலும் நெகட்டிவ் என்றுதான் வரும். அந்தத் தாளை வைத்து "தொற்று இல்லை" என்று சொல்லவே முடியாது. "இன்னும் தெரியவில்லை" என்பதுதான் அதன் பொருள். இப்படி ஒரு நெகட்டிவ் தாளை நம்பி, ஒரு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்போம் என்று காத்திருந்து, ஊசிக்கான நாளைத் தவறவிட்டு வந்தவர்களை என் அறையில் பார்த்திருக்கிறேன். தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு தந்தையின் முகம் இன்னும் மறக்கவில்லை. அவர் அசட்டையானவர் இல்லை. பரிசோதனைக்கு முதலில் ஓடி வந்தவரே அவர்தான்.

வேறொரு பரிசோதனை பயன்படும். ஐஜிஜி அல்லது மொத்த எதிர்பொருள் என்று கேட்க வேண்டும். முன்னொரு காலத்தில் இந்த நோய் வந்து போயிருந்தாலோ தடுப்பூசி போட்டிருந்தாலோ அது பாசிட்டிவாக இருக்கும். இயற்கையாக ஒருமுறை வந்து போனவருக்கு ஆயுளுக்கும் பாதுகாப்பு உண்டு. சுத்தமான குடிநீரும் கழிப்பறையும் குறைவாக இருந்த காலத்தில் வளர்ந்த பெரியவர்கள் பலருக்குச் சிறு வயதிலேயே, தெரியாமலே வந்து போயிருக்கும். உங்கள் மாமியாருக்கும் அப்படி இருக்கலாம். அன்றே முடிவு கிடைக்குமானால் எடுத்துப் பாருங்கள். மறுநாள்தான் கிடைக்கும் என்றால் அதற்காக ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள். ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் உள்ளவருக்கு ஊசி போட்டுவிட்டாலும் கெடுதல் எதுவும் இல்லை.

அடுத்து, "மஞ்சள் காமாலை ஊசி போட்டாயிற்று" என்ற வரி. பிறந்த சில நாளில் தொடங்கி குழந்தைகளுக்குப் பரவலாகப் போடுவது ஹெபடைட்டிஸ் பி ஊசி. அதுவும் கல்லீரலைத் தாக்கும் வைரஸ்தான், ஆனால் வேறு வைரஸ், வேறு ஊசி. ஒன்று மற்றொன்றைத் தடுக்காது. அட்டையில் "ஹெபடைட்டிஸ் ஏ" என்று தெளிவாக எழுதி, தேதியும் இருந்தால் மட்டுமே போட்டதாகக் கணக்கு. எட்டு மாதக் குழந்தைக்கு அது இருக்க வாய்ப்பே குறைவு. வழக்கமான அட்டவணையில் அந்த ஊசி ஒரு வயதுக்குப் பிறகுதான் வரும்.

ஒவ்வொருவருக்கும் என்ன

குழந்தை: புதன்கிழமை சாப்பிட்டது. நீங்கள் எழுதிய இரவில் 13ஆம் நாள். ஒரு வயதுக்குக் கீழே இருப்பதால் இந்தச் சூழலில் தடுப்பூசி இல்லை, இம்யூனோகுளோபுலின்தான். இது பிறரிடமிருந்து எடுத்த, தயார் நிலையில் இருக்கும் எதிர்பொருள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லி என்பது அளவு. எட்டுக் கிலோ குழந்தை என்றால் 0.8 மில்லி, தொடையில் ஒரு சின்ன ஊசி. எல்லா மருத்துவமனையிலும் இது இருப்பில் இருக்காது. அதனால் போவதற்கு முன் தொலைபேசியில் கேளுங்கள், இல்லையென்றால் எங்கே கிடைக்கும் என்பதையும் சுகாதாரத் துறையிடமே கேளுங்கள். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: இந்த ஊசி போட்ட பிறகு தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகள் சரியாக வேலை செய்யாமல் போகலாம். பொதுவாக ஆறு மாதம் தள்ளிப் போடச் சொல்வோம். குழந்தையின் அட்டையில் இதைத் தேதியோடு எழுதி வாங்குங்கள். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தால் நிறுத்த வேண்டாம்.

மாமியார்: அவருக்கும் அதே 13ஆம் நாள். உங்கள் வீட்டில் நான் அதிகம் கவலைப்படுவது இவரைப் பற்றித்தான். ஆரோக்கியமான கல்லீரலுக்கு ஹெபடைட்டிஸ் ஏ பெரும்பாலும் சில வாரக் கஷ்டம், முழுக்கக் குணமாகிவிடும். ஏற்கெனவே சுருங்கிய கல்லீரலுக்கு அப்படி இல்லை. அது தாங்காமல் செயலிழக்கும் அபாயம் உண்டு, வயதும் அந்த அபாயத்தைக் கூட்டும். அதனால் இவருக்குத் தடுப்பூசி, இம்யூனோகுளோபுலின் இரண்டும், ஒரே நாளில், வெவ்வேறு இடத்தில். சில நாடுகளில் வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ் ஊசியும் விற்பனையில் இருக்கிறது. இவருக்கு அது வேண்டாம், செயலிழக்கச் செய்த வைரஸ் ஊசிதான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். கல்லீரலுக்கு வழக்கமாகப் பார்க்கும் மருத்துவருக்கு அன்றே செய்தி சொல்லிவிடுங்கள்.

நீங்களும் மகளும்: கடைசியாக வெள்ளிக்கிழமை குடித்திருக்கிறீர்கள், நான்காம் நாள்தான் ஆகிறது. இருவருக்கும் தடுப்பூசி மட்டும் போதும். மகள் முதல் சனிக்கிழமையே சாப்பிட்டவள், அந்தப் பழத்திலேயே வைரஸ் இருந்திருந்தால் ஊசி முந்த முடியாமல் போகலாம். அதற்காகப் போடாமல் விடக் கூடாது. ஆறு மாதம் கழித்து இரண்டாவது டோஸ் போட்டுக்கொண்டால் நீண்ட காலப் பாதுகாப்பு.

கணவர்: அவர் சாப்பிட்டது சனிக்கிழமை மட்டும். 17ஆம் நாள். இந்த ஒரு கணக்கில்தான் நாம் பிந்திவிட்டோம், மறைக்காமல் சொல்கிறேன். இனி ஊசி போட்டாலும் இந்தப் பழத்தால் வரக் கூடியதைத் தடுக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனாலும் அவர் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளட்டும், வருங்காலத்துக்கு உதவும். சாப்பிட்ட நாளிலிருந்து 50 நாள் உடம்பைக் கவனிக்கச் சொல்லுங்கள். தங்கியிருக்கும் இடத்தில் மற்றவர்களுக்குச் சமைப்பதோ உணவு பரிமாறுவதோ இந்த நாட்களில் வேண்டாம். நீங்கள் ஐந்தில் நான்கு பேரைப் பற்றி மட்டும் கவலைப்பட்டு எழுதியிருந்தீர்கள், வெளியூரில் இருப்பவர் கண்ணில் படவில்லை.

கழுவியது போதாதா?

நீங்கள் செய்தது சரியான பழக்கம்தான். மண், பூச்சிமருந்து, கிருமிகளில் ஒரு பகுதி எல்லாம் கழுவினால் குறையும். ஆனால் ஒரு ஸ்ட்ராபெரியைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு விதையும் ஒரு சிறு குழிக்குள் உட்கார்ந்திருக்கும், சுற்றி மெல்லிய மயிர்கள். அந்தக் குழிக்குள் ஒட்டிய வைரஸைத் தண்ணீர் முழுக்க வெளியே எடுக்காது. இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது, அமிலத்தையும் தாங்கும். வயிற்றின் அமிலத்தையே தாண்டிக் குடலுக்குப் போகும் வைரஸை வினிகர் என்ன செய்யும்? சமையலறையில் இருக்கும் கிருமிநாசினி ஜெல்லும் இதற்கு அவ்வளவாக உதவாது. சோப்பும் ஓடும் தண்ணீருமே நல்லது.

பழத்துக்கு வைரஸ் வருவது மனிதரிடமிருந்து. நோய் உள்ளவரின் மலத்தில் அது கோடிக்கணக்கில் வெளியேறும். வயலுக்குப் பாயும் தண்ணீரில் கழிவுநீர் கலந்திருக்கலாம், பறிக்கும் தொழிலாளிக்குப் பக்கத்தில் கழிப்பறையோ கை கழுவ இடமோ இல்லாமல் இருக்கலாம். ஸ்ட்ராபெரி பெரும்பாலும் வயலில் பறித்தபடியே நேராகப் பெட்டிக்குள் போகும். நனைந்தால் பூஞ்சை பிடிக்கும் என்பதால் இடையில் கழுவுவதும் இல்லை. பறித்த விரலுக்கும் உங்கள் குழந்தையின் வாய்க்கும் நடுவே சூடு என்ற ஒன்றே குறுக்கிடவில்லை. இந்த வைரஸை நம்பகமாக அழிப்பது சூடுதான்: 85 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடமாவது இருக்க வேண்டும். பச்சையாகச் சாப்பிடும் பழத்தை யாரும் அப்படிக் கொதிக்க வைப்பதில்லை.

ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நினைத்திருப்பீர்கள், அதற்கு நேர் எதிர்தான் உண்மை. உறைநிலை வைரஸைக் கொல்வதில்லை, பத்திரமாகப் பாதுகாக்கிறது. 2013இல் துருக்கியிலிருந்து போன மாதுளை முத்துகள் கலந்த உறைபழப் பொட்டலங்களால் அமெரிக்காவின் 10 மாநிலங்களில் 160க்கும் மேற்பட்டவர்களுக்கு ஹெபடைட்டிஸ் ஏ வந்தது. எல்லாம் உறைந்த பழம்.

"வாந்தி, வயிற்றுப்போக்கு இல்லையே" என்கிறீர்கள். அது வேறு வைரஸின் நடத்தை. 2012இல் ஜெர்மனியில் பள்ளி உணவில் சேர்த்த உறைந்த ஸ்ட்ராபெரியால் சுமார் 11,000 பேர், பெரும்பாலும் குழந்தைகள், நோய்வாய்ப்பட்டார்கள். அது நோரோ வைரஸ். ஓரிரு நாளிலேயே வாந்தியாக வெளிப்பட்டுவிடும், யார் என்ன சாப்பிட்டார் என்பதும் நினைவில் இருக்கும். ஹெபடைட்டிஸ் ஏ அறிகுறியாக வெளிவரும்போது பழம் சாப்பிட்ட நினைவே போயிருக்கும். அறிவிப்புகள் தாமதமாக வருவதும் இதனால்தான். 2022இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஸ்ட்ராபெரியால் பரவியபோது, பழம் விற்றது மார்ச், ஏப்ரல் மாதங்களில். அமெரிக்காவில் அறிவிப்பு வந்தது மே மாதக் கடைசியில். வாங்கியவர்களில் பெரும்பாலானோருக்கு 14 நாள் எப்போதோ கடந்துவிட்டிருந்தது. உங்களுக்கு அறிவிப்பு 13ஆம் நாளிலேயே கிடைத்திருக்கிறது. அதை வீணாக்க வேண்டாம் என்றுதான் அந்த இரவில் அவ்வளவு அவசரப்பட்டேன்.

"என் கையாலேயே ஊட்டினேன்" என்ற வரியை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கழுவினீர்கள், நறுக்கினீர்கள், மசித்தீர்கள். ஒரு தாய் செய்யக் கூடியது அவ்வளவுதான். கண்ணுக்கோ மூக்குக்கோ நாக்குக்கோ தெரியாத ஒன்றுக்காக உங்களை நீங்களே தண்டிக்க வேண்டாம். இது வயலில் நடந்த தவறு, உங்கள் சமையலறையில் நடந்தது அல்ல.

வீட்டுக்குள் பரவாமல் இருக்க

ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளில் பத்தில் ஏழு பேருக்கு அறிகுறியே தெரியாது. பெரியவர்களில் பெரும்பாலோருக்குக் காமாலை தெரியும். குழந்தைக்கு லேசாக வந்து போகும் என்று நிம்மதி அடைவது பாதி சரி. மீதி என்னவென்றால், சிரித்து விளையாடிக்கொண்டே இருக்கும் குழந்தையின் டயப்பரில் வைரஸ் இருக்கலாம், அதை மாற்றுபவர் அடுத்து மாமியாருக்குச் சாப்பாடு எடுத்து வைக்கலாம். ஆகவே டயப்பர் மாற்றிய ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டு, விரலிடுக்கும் நகக்கண்ணும் சேர்த்துக் கழுவுங்கள். முடிந்தால் இந்த ஐம்பது நாளும் டயப்பர் மாற்றுபவர் ஒருவர், மாமியாரின் தட்டைத் தொடுபவர் வேறொருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மில்க் ஷேக் அடித்த மிக்ஸி ஜார், அதன் ரப்பர் வளையம், பழம் நறுக்கிய பலகை, ஃப்ரீசர் தட்டு எல்லாவற்றையும் சோப்பால் கழுவிய பிறகு நீர்த்த ப்ளீச் கரைசலால் துடையுங்கள். ரப்பர் வளையத்தைக் கழற்றாமல் கழுவுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை.

கவனிக்க வேண்டியவை: காய்ச்சல், அசாதாரணச் சோர்வு, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல், வலது விலா எலும்புக்குக் கீழே வலி, பால் விடாத தேநீர் நிறத்தில் சிறுநீர், வெளிறிய மலம், கண்ணில் மஞ்சள். இவற்றில் எது வந்தாலும் மருத்துவரிடம் போய் "இந்தப் பழம் சாப்பிட்டவர்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அப்போது எடுக்கும் ஐஜிஎம் பரிசோதனைக்கு மதிப்பு உண்டு. பேச்சுக் குழறல், குழப்பம், எழுப்பினாலும் எழாத தூக்கம், ஈறிலோ மூக்கிலோ ரத்தம், தண்ணீர்கூடத் தங்காத வாந்தி என்றால் ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைத்திருக்காதீர்கள். மாமியார் விஷயத்தில் இன்னும் விழிப்பாக இருங்கள். இந்த நாட்களில் பாராசிட்டமால் உட்பட எந்த மாத்திரையும் அவர் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். கல்லீரலைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கப்படும் எந்தப் பொடியும் சாறும் வீட்டில் யாருக்குமே வேண்டாம். இந்த வைரஸுக்கென்று தனி மருந்து கிடையாது. ஓய்வும் திரவ உணவும் கண்காணிப்பும்தான் சிகிச்சை.

வேலை இடத்தில் சொல்வதா?

சொல்ல வேண்டும். எனக்கு இதில் இரண்டாவது எண்ணம் இல்லை. ஆனால் எப்போது, எப்படி என்பதில் உங்களுக்கு உதவ முடியும்.

இந்த நோயில் ஒருவர் அதிகம் பரப்புவது, அறிகுறி தெரிவதற்கு முந்தைய இரண்டு வாரத்தில். நன்றாக இருப்பதாக நினைத்து வேலைக்குப் போகும் நாட்கள் அவை. நீங்கள் முதன்முதலில் சாப்பிட்டது புதன்கிழமை. ஒருவேளை அன்றே தொற்றியிருந்து, சராசரிக் கணக்குப்படி 28ஆம் நாள் அறிகுறி வருவதாக இருந்தால், நீங்கள் பரப்பக் கூடிய நாட்கள் ஏறக்குறைய இந்த வாரம்தான் தொடங்குகின்றன. இதுவரை நீங்கள் சமைத்துப் போட்ட சாப்பாட்டால் ஆபத்து மிகக் குறைவு. இனிமேல்தான் அது கூடும். உங்கள் கைச் சாப்பாட்டைச் சாப்பிடுபவர்கள் எல்லோரும் வயதானவர்கள், உங்கள் மாமியாரைப் போலக் கல்லீரல் நோய் உள்ளவர்களும் இருக்கலாம். இன்று சொன்னால் அவர்களுக்கும் நேரம் இருக்கிறது.

முதலில் சுகாதாரத் துறையின் தொலைபேசி எண்ணுக்குப் பேசி, உணவு கையாளும் வேலையில் இருப்பதைச் சொல்லுங்கள். வேலைக்குப் போகலாமா, எந்த வேலையைத் தவிர்க்க வேண்டும், எத்தனை நாள் என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும், எழுத்தில் தரச் சொல்லுங்கள். பிறகு ஊசி போட்ட சான்றுடன் மேலாளரிடம் போங்கள். "திரும்பப் பெறப்பட்ட பழத்தை நான் சாப்பிட்டிருக்கிறேன். எனக்கு நோய் இல்லை, இந்தத் தேதியில் ஊசி போட்டுக்கொண்டேன். சுகாதாரத் துறை சொன்னது இது. அதுவரை சமைக்காத, பரிமாறாத வேலை கொடுங்கள்." இவ்வளவு சொன்னால் போதும். அழுது சொன்னால் குற்றம் ஒப்புக்கொள்வதுபோல் ஆகிவிடும், நீங்கள் குற்றம் எதுவும் செய்யவில்லை. 2003இல் பென்சில்வேனியாவில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட சுமார் 600 பேருக்கு ஹெபடைட்டிஸ் ஏ வந்து 3 பேர் இறந்தார்கள். கடைசியில், உணவகத்துக்கு வந்து சேரும் முன்பே மாசுபட்டிருந்த வெங்காயத்தாள்தான் காரணம் என்று தெரிந்தது. அங்கே வேலை செய்தவர்களும் நோயுற்றவர்களில் இருந்தார்கள், அதே வெங்காயத்தாளால்.

வேலை போகுமா என்றால், அது நீங்கள் வாழும் நாட்டின் தொழிலாளர் சட்டத்தைப் பொறுத்தது. பல நாடுகளில் தொற்று காரணமாக அதிகாரிகள் விலக்கி வைக்கும் நாட்களுக்கு ஊதியமோ விடுப்போ கோர வழி இருக்கிறது. தொழிலாளர் நல அலுவலகத்திலோ சங்கத்திலோ கேளுங்கள். அதிகாரிகளின் எழுத்துமூல அறிவுரை கையில் இருந்தால் உங்கள் நிலை வலுவாக இருக்கும். சொல்லாமல் இருந்து பிறகு தெரியவந்தால் அந்த வலு போய்விடும்.

பெட்டியும் ரசீதும்

வழக்கு என் துறை இல்லை, அதற்கு ஒரு வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் மருத்துவர் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: இதில் சான்று மிக விரைவாக அழியும். பெட்டியின் லேபிளை, தொகுப்பு எண் தெரியும்படி, நான்கு பக்கமும் படம் எடுங்கள். ரசீது இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அட்டையிலோ செல்பேசியிலோ பணம் கட்டியிருந்தால் அந்தப் பதிவே போதும். 2013 மாதுளை விவகாரத்தில், உறுப்பினர் அட்டை வைத்திருந்தவர்களின் கொள்முதல் பதிவுகள்தான் எந்தப் பொட்டலம் என்று கண்டுபிடிக்கப் பெரிதும் உதவின. ஃப்ரீசரில் மிச்சமிருக்கும் பழத்தைப் பற்றிச் சுகாதாரத் துறையிடம் கேளுங்கள். அவர்கள் வேண்டும் என்றால் இரண்டு பையில் போட்டு மூடி, "தொடாதே" என்று எழுதி வையுங்கள். வேண்டாம் என்றால் அதே போல மூடிக் குப்பையில் போடுங்கள். கொதிக்க வைத்து ஜாம் ஆக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள், வேண்டவே வேண்டாம். ஊசிக்கும் பரிசோதனைக்கும் ஆன செலவு, வேலைக்குப் போக முடியாத நாட்கள் எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டில் கணக்கு வையுங்கள். நிறுவனத்திடமிருந்து பணமோ கூப்பனோ தருவதாகத் தாள் வந்தால், வழக்கறிஞர் படிக்கும் முன் கையெழுத்துப் போடாதீர்கள். நோய் வராமலே போனால் பெரிய இழப்பீடு கிடைக்காமல் போகலாம். அப்படிப் போகட்டும் என்றுதான் நான் ஆசைப்படுகிறேன்.

புதன்கிழமை மாலை நீங்கள் அனுப்பிய செய்தி வந்தது: குழந்தைக்கும் மாமியாருக்கும் உங்களுக்கும் மகளுக்கும் ஊசி முடிந்தது, குழந்தை தொடையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் அழுதான், கணவருக்கு இன்னும் சொல்லவில்லை. இன்று இரவே அவரை அழையுங்கள். அவருக்கு 50ஆம் நாள் எந்தத் தேதி என்று எண்ணி, அந்தத் தேதியைச் சொல்லிக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.